உள்ளே ஒருவர் இருக்கிறார்

இது நடந்தது. கதை கட்டிச் சொல்ல எனக்கு நேரமும் கிடையாது, அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. முக்கால்வாசி அவள் வாயால் கேட்டது. கடைசிப் பகுதியை நானே என் காதால் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி படுத்திருப்பார். அவருக்குத் தமிழ் தவிர வேறொன்றும் வராது. நர்ஸுக்குத் தமிழ் வராது. நர்ஸ் ஒரு எண்ணை அழுத்துவார். எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே லைனில் வந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் மாற்றிச் சொல்வார். நான் அவர்களுக்கு மேற்பார்வை. அவள் என் குழுவிலேயே கெட்டிக்காரி.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவராகவே பேச வேண்டும். 'அவருக்கு வயிறு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. காதில் விழுந்தது அப்படியே வாய்க்கு வந்துவிட வேண்டும். சில வருடம் செய்தால் பழகிவிடும். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், மனசு பாட்டுக்கு மாடியில் காயப்போட்ட துணியை நினைத்துக்கொண்டிருக்கும். அழைப்பு முடிந்த பிறகு 'என்ன பேசினீர்கள்' என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

அவள் வீட்டில் மூன்று பேர். அவள், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், அவருடைய அப்பா. அந்தப் பெரியவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே எக்ஸ்சேஞ்சுதான். வீட்டுக்கு வைஃபை ரவுட்டர் வந்த அன்று, போன வேலையே திரும்பிக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டார். ரவுட்டருக்குள் போய் எதையாவது மாற்றி, மாற்றியதைத் திரும்ப மாற்றி, எந்தக் கருவிக்கு என்ன எண் என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். மருமகளின் லேப்டாப் நான்கு. அவருடைய போன் ஏழு.

அந்த ரவுட்டரில் ஒரு கோளாறு. கோளாறு இல்லை, அதன் சுபாவமே அப்படி. பாஸ்வேர்டு போட்டு ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போக முடியும். இரண்டாவது ஆள் போனால், 'வேறொரு பயனர் உள்ளே இருக்கிறார். பிறகு முயலவும்' என்று ஒரு வரி வரும். கீழே உள்ளே இருப்பவரின் எண். முதல் ஆள் வெளியே வராதவரை இரண்டாவது ஆள் தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஒரே குளியலறை உள்ள வீட்டில் காலையில் நடக்கும் சண்டைதான்.

"ஏம்மா, எவ்ளோ நேரம் உள்ளயே இருப்பே?"

"நேத்து முழுக்க நீங்கதானே மாமா உள்ள இருந்தீங்க?"

"நான் வேல பாத்தேன்."

"நான் மட்டும் என்ன, கோலியா ஆடினேன்?"

இப்படித்தான் போகும். கோபம் கிடையாது. இரண்டு பேருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு என்றுகூடச் சொல்லலாம்.

அழைப்பில் இருக்கும்போது அவளிடம் பேச முடியாது. ஹெட்செட்டில் சிவப்பு விளக்கு எரியும். ஆஸ்பத்திரி அழைப்பு என்றால் அறைக் கதவையும் பூட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் எங்கள் விதிதான். அதனால் மாமனாரும் மருமகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் கட்டிலுக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் அவர் இரண்டு தட்டுத் தட்டினால், 'ரவுட்டரை விட்டு வெளியே வா, நான் போகணும்' என்று அர்த்தம். அவளும் ஒரு பொத்தானை அழுத்தி வெளியே வந்துவிடுவாள்.

பெரியவருக்கு ஒரு வியாதி உண்டு. ஸ்பீடு டெஸ்ட். இணையக் கம்பெனிக்காரன் வேகத்தில் ஏமாற்றுகிறான் என்று அவருக்குத் தீராத சந்தேகம். அடிக்கடி போனில் வேகம் பார்ப்பார். அவர் பார்க்கும் அந்த அரை நிமிடம் வீட்டு இணையம் மொத்தத்தையும் அவர் போன் உறிஞ்சிவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் நர்ஸின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குழறும். பிறகு அறுந்துவிடும். அவள் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "இனிமே பாக்க மாட்டேம்மா" என்பார். மறுநாள் பார்ப்பார். அழைப்பு இன்னொரு முறை அறுந்தால் ஆஸ்பத்திரி லைனிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஆபீசிலிருந்து அவளுக்குக் கடிதமே போய்விட்டது.

அதன் பிறகுதான் அவள் அதைச் செய்ய ஆரம்பித்தாள்.

வேலை தொடங்கும்போது ரவுட்டருக்குள் போய், மாமனாரின் போனுக்கு மட்டும் இணையத்தை நிறுத்தினாள். 'நிறுத்து' என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான். அவர் உள்ளே வந்து அதை எடுத்துவிட்டால்? அதனால் அவள் வெளியே வரவே இல்லை. சும்மா விட்டால் ஐந்து நிமிடத்தில் ரவுட்டர் ஆளைத் தானாக வெளியே தள்ளிவிடும். ஆனால் நிலவரம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்தால் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கும், தள்ளாது. இந்தத் தந்திரத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே மாமாதான். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அந்தப் பக்கத்தை ஒரு ஓரமாகத் திறந்து போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். வேலை முடிந்ததும் இணையத்தைத் திருப்பி விட்டுவிடுவாள். அவர் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருப்பார். அவளும் சேர்ந்து திட்டுவாள். சுவர் தட்டும் சத்தம் கேட்டால் கேளாத மாதிரி இருந்துவிடுவாள்.

அன்று மத்தியானம் வந்தது நீளமான அழைப்பு. ஒரு வயதான அம்மாள், நெஞ்சு வலி. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, இடது கைக்குப் பரவுகிறதா, வியர்க்கிறதா என்று நர்ஸ் கேட்கக் கேட்க இவள் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டொக்... டொக்.

சுவரில். அவள் நகரவில்லை.

டொக்... டொக்.

'வேகம் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போல' என்று நினைத்துக்கொண்டாளாம். அந்தச் சுவர் மெல்லியது. "நெஞ்சுல எங்க வலிக்குது?" என்று அவள் கேட்டதெல்லாம் அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டிருக்கும்.

அழைப்பு முடிந்து கதவைத் திறந்து போனாள். அவர் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். உடம்பு அப்போதே சில்லிட ஆரம்பித்திருந்தது. அந்த அறையில் போனுக்குச் சிக்னல் ஒரு கோடுகூட வராது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் வைஃபை வேண்டும். போன் அவர் கையில் இருந்தது. திரையில் ஒரே ஒரு வரி.

'வேறொரு பயனர் உள்ளே இருக்கிறார். பிறகு முயலவும்.'

கீழே அவள் எண். நான்கு.

அவள் முதலில் செய்தது அவர் போனில் அந்தப் பக்கத்தை மூடியது. அதற்குப் பிறகுதான் கணவரைக் கூப்பிட்டாள்.

"கையில போன் இருந்துச்சே... ஏன் என்னைக் கூப்பிடல?" என்று அவள் கணவர் அன்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார், அவளிடமும் கேட்டார். ரவுட்டர் பக்கத்தைத் திறக்க அதன் பிறகு அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பெரியவரின் போன் நிறுத்தப்பட்ட நிலையிலேயே கிடந்தது.

சில வாரம் போயிற்று. ஒரு நாள் காலை அவள் கணவர் அப்பாவின் போனைச் சார்ஜ் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இதுல மட்டும் நெட் வரலையே. அப்பா ஏதாவது நோண்டி வச்சிருப்பாரு. சாயங்காலம் வந்து ரவுட்டர்ல பாக்கறேன். பேட்டரி வேற வீங்கியிருக்கு, கடையில காட்டிட்டு வரேன்."

போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளே போனால் அவருக்குத் தெரிந்துவிடும். 'நிறுத்து' பொத்தானை அழுத்தியது எந்தக் கருவி, என்றைக்கு, எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அவர் வருவதற்குள் உள்ளே போய் அதை எடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் மேசை முன் போய் உட்கார்வதும் எழுவதுமாகவே பொழுது போயிற்று. வெளியே நல்ல மழை. நாலு இருபதுக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாஸ்வேர்டைப் போட்டாள்.

'வேறொரு பயனர் உள்ளே இருக்கிறார். பிறகு முயலவும்.'

கீழே எண்.

ஏழு.

பழைய பக்கம் எதுவோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று மூடிவிட்டுத் திறந்தாள். ஏழு. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். ஏழு. கணவருக்குப் போன் செய்தாள்.

"மாமா போன் எங்க இருக்கு?"

"என் பையில. ஏன்?"

"ஆன்ல இருக்கா?"

"கடையில பேட்டரியவே கழட்டிட்டாங்க. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். நிலவரப் பக்கம் புதுப்பித்துக்கொள்ளும்போது ரவுட்டரில் பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டும். கூடத்து அலமாரியில் இருந்த ரவுட்டர் சீராகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எழுந்து போய் ரவுட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். விளக்குகள் அணைந்தன. மின்சாரம் இல்லையென்றால் உள்ளே யாரும் இருக்க முடியாது. மனசுக்குள் பத்து எண்ணலாம் என்று நின்றாள்.

டொக்... டொக்.

மாமனாரின் அறையிலிருந்து.

மழைத்தண்ணீர் எதன் மேலாவது சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டாள். ப்ளக்கைக் கீழே போட்டுவிட்டு அந்த அறைக்குப் போனாள். சுருட்டி வைத்த மெத்தை. வெறும் கட்டில். ஜன்னல் சாத்தியிருந்தது. சொட்டு இல்லை. ஆள் இல்லை.

சுவரில், கட்டில் உயரத்துக்கு, அவர் விரல்முட்டி பட்டுப் பட்டு அழுக்கான ஒரு இடம் இருந்தது. அவள் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

டொக்... டொக்.

இந்த முறை அந்தப் பக்கத்திலிருந்து.

அவளுடைய அறையிலிருந்து.

அவள் இப்போதுதான் அங்கிருந்து வந்தாள்.

ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "தட்டினா ஒரு தடவையாவது போய்ப் பாக்கணும்ல?" என்றாள்.

போய்ப் பார்த்தாள்.

அறையில் யாரும் இல்லை. மேசை மேல் ஹெட்செட். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு ஓடுகிறது என்று அர்த்தம்.

நெட் இல்லை. அன்று வேலையும் இல்லை.

எடுத்துக் காதில் வைத்தாள்.

ஒரு நர்ஸ். சாதாரணக் குரல். எங்கே வலிக்கிறதென்று கேளுங்கள் என்றது.

அவள் வாய் பழக்கத்தில் கேட்டது. "எங்கங்க வலிக்குது?"

மூச்சுச் சத்தம். இழுத்து... இழுத்து...

பிறகு, காதுக்குள்ளேயே...

டொக்... டொக்.

என்ன சொல்கிறார், என்றது நர்ஸின் குரல்.

பேசுகிறவராகவே பேச வேண்டும். கூட்டக் கூடாது. குறைக்கக் கூடாது.

அவள் நர்ஸின் மொழியில் சொன்னாள். "எனக்கு நெஞ்சு வலிக்கிறது."

டொக்... டொக்.

"போனில் யாரையும் கூப்பிட முடியவில்லை."

டொக்... டொக்.

"உள்ளே போக முடியவில்லை. மருமகள் உள்ளே இருக்கிறாள். தட்டினேன். கேட்டது அவளுக்கு. வரவில்லை."

"யாருகிட்ட பேசற?"

திரும்பினாள். அறை வாசலில் அவள் கணவர். மழையில் நனைந்திருந்தார். கையில் ரவுட்டரின் ப்ளக். அந்த மொழி அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இது பிடுங்கிக் கெடக்கு. நெட்டே இல்லாம யாருகிட்ட பேசற? என்ன சொன்ன இப்ப?"

ஹெட்செட்டில் இப்போது விளக்கு எரியவில்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஸ்பீடு டெஸ்ட், நிறுத்து பொத்தான், திறந்து போட்ட பக்கம், சுவர் தட்டிய சத்தம், மாமாவின் போனில் அவள் மூடிய அந்த வரி. அவள் கணவர் போய் ப்ளக்கை மாட்டினார். தன் போனிலிருந்து ரவுட்டருக்குள் போனார். முதல் முயற்சியிலேயே வழிவிட்டது. அப்பாவின் போனுக்கு இணையத்தை அவரே திருப்பிவிட்டார்.

அன்று மாலை அவள் லைனுக்கு எங்கள் ஆபீசிலிருந்து அழைப்பு எதுவும் போகவில்லை. நானே தேடிப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை. சாவி எங்கே, கேஸ் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான் பேச்சு. அவர் தன்னை விட்டுப் போய்விடுவார் என்றே அவள் நினைத்திருந்தாள். போனால் தப்பில்லை என்றும் நினைத்திருந்தாள். ஒரு நாள் அவராகவே கேட்டார்.

"உங்க கால் எல்லாம் பதிவாகும்ல?"

"ஆமா."

"அப்பா எவ்ளோ நேரம் தட்டினாருன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு தடவதானா, இல்ல... தெரியலைன்னா என்னால உன் மூஞ்சிய நிமிர்ந்து பாக்க முடியாது."

இரண்டு பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். பதிவைக் கேட்கும் அறைக்குள் வெளியாட்கள் வரக் கூடாது. அவர் மாடிப்படியில் நின்றுகொண்டார். நானும் அவளும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த மத்தியான அழைப்பைப் போட்டேன்.

நாங்கள் தருகிற ஹெட்செட் பேச்சை மட்டும்தான் எடுக்கும். பக்கத்தில் நாய் குரைத்தாலும் உள்ளே போகாது. அது எனக்குத் தெரியும், இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தட்டும் சத்தம் வரவில்லை. ஒன்றுகூட இல்லை. அவள் பெருமூச்சு விட்டாள். நிறுத்திவிடலாம் என்று நான் கையை நீட்டினேன்.

அப்போது அந்த அம்மாளின் குரல் கேட்டது. தூர ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த நோயாளி.

"யாரோ செவுத்தத் தட்டறாங்கம்மா."

உடனே இவள் குரல், நர்ஸின் மொழியில், ஒரு சலனமும் இல்லாமல்: "யாரோ சுவரைத் தட்டுகிறார்கள்."

இங்கே யாரும் தட்டவில்லையே, என்றது நர்ஸின் குரல்.

இவள் குரல், தமிழில்: "இங்க யாரும் தட்டலையே."

"அங்க தட்டறாங்க. உன் பக்கத்துல. போய்ப் பாரும்மா."

"அங்கே தட்டுகிறார்கள். உன் பக்கத்தில். போய்ப் பார்."

நாற்காலி நகரும் சத்தம். பார்த்துவிட்டேன், யாருமில்லை, என்றது நர்ஸின் குரல்.

இவள் குரல்: "பாத்துட்டேன். யாரும் இல்ல."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்...

"நின்னுடுச்சும்மா."

"நின்றுவிட்டது."

நல்லது, என்றது நர்ஸின் குரல்.

இவள் குரல்: "நல்லது."

நான் பதிவை நிறுத்தினேன். அவள் ஹெட்போனைக் கழற்றாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியெல்லாம் தான் சொன்னதாக அவளுக்கு நினைவே இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்தோம். அவர் படியிலிருந்து எழுந்து நின்றார்.

"தட்டற சத்தம் இருந்துச்சா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"இல்ல," என்றாள். "பதிவுல ஒண்ணுகூட இல்ல."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "அப்ப ரொம்ப நேரம் கஷ்டப்படல," என்றார். அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. நான் அறையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு நின்றுகொண்டிருந்தேன்.